உதவி செய்தால் வரும் நிறைவு, சுயநலமா?

வாசகர் ஒருவரின் கேள்வி: “நம் நற்குணங்களுக்குப் பின்னாலும் தன்னலமே இருக்கிறது என்று சொல்லும் பிரெஞ்சுப் பிரபு லா ரோஷ்ஃபூக்கோவின் பொன்மொழிகளைப் படித்ததிலிருந்து எதைச் செய்தாலும் சந்தேகமாக இருக்கிறது. நண்பனின் ஆஸ்பத்திரி செலவுக்குப் பணம் கொடுத்தேன், மனசு நிறைந்தது. அந்த நிறைவுக்காகத்தான் கொடுத்தேனா? அப்படியென்றால் அதுவும் சுயநலம்தானே?”

இதற்கு 1729-லேயே பதில் வந்துவிட்டது. லண்டனில் பிரசங்கம் செய்த பாதிரியார், தத்துவவாதி ஜோசப் பட்லர், தன் பிரசங்கத் தொகுப்பின் இரண்டாம் பதிப்புக்கு எழுதிய முன்னுரையில், மனிதனின் எல்லா ஆசைகளையும் சுயநலக் கணக்கிலேயே எழுதிவிடுகிறவர்கள் என்று பண்டைய கிரேக்கத் தத்துவவாதி எபிகூரஸின் வழிவந்த எபிகூரியர்கள், ஆங்கிலேயத் தத்துவவாதி ஹாப்ஸ் ஆகியோரோடு உங்கள் பிரெஞ்சுப் பிரபுவின் புத்தகத்தையும் பெயர் சொல்லியே சேர்க்கிறார்.

பட்லர் கேட்பது, அந்த நிறைவு எங்கிருந்து வந்தது என்பதைத்தான். நண்பன் பிழைக்க வேண்டும் என்று நீங்கள் முதலில் விரும்பியிருந்தால்தானே, அவன் பிழைத்ததும் மனசு நிறையும்? அவன் எப்படிப் போனால் என்ன என்று இருப்பவருக்கு அது வெறும் செலவு. பசியே இல்லாதவனுக்குச் சாப்பாட்டில் என்ன சுகம்? விருப்பம் முன்னால் வருகிறது, சந்தோஷம் அதன் பின்னால் வருகிறது. பின்னால் வந்ததைக் காரணமாக்கியதில்தான் உங்கள் குழப்பம் ஆரம்பிக்கிறது.

அவருடைய இன்னொரு வாதம் எனக்கு இதைவிடப் பிடிக்கும். சொந்த நலனுக்குக் கேடு என்று நன்றாகத் தெரிந்தும் ஆவேசத்தில் செய்கிற காரியத்தை எப்படிச் சுயநலம் என்பது? வரப்புத் தகராறில் பங்காளியைத் தோற்கடித்தே தீருவேன் என்று இருக்கிற நிலத்தை விற்று வக்கீலுக்குக் கொடுக்கிறவரைப் பாருங்கள், அவருக்குக் கொஞ்சம் சுயநலம் இருந்திருந்தால் என்றைக்கோ பேசி முடித்திருப்பார்.

அதற்காக லா ரோஷ்ஃபூக்கோவின் புத்தகத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பதினேழாம் நூற்றாண்டில் பிரெஞ்சு அரசுக்கு எதிராக எழுந்த ஃப்ரோந்து கலகத்தில் சண்டையிட்டு முகத்தில் குண்டடி பட்டவர், அரசவைச் சூழ்ச்சிகளைக் கிட்டத்தில் பார்த்தவர் எழுதியது அது. புகழ்ச்சிக்கும் நன்றிக்கும் பின்னால் என்ன எதிர்பார்ப்பு இருக்கும் என்று அவருக்கு நன்றாகவே தெரியும். 1665-இல் வந்த முதல் பதிப்பைத் தன்னலப் பற்று பற்றிய நீளமான ஒரு பகுதியோடு தொடங்கியவர், அடுத்த பதிப்பில் அதையே எடுத்துவிட்டார். எனவே எல்லோருக்கும் எப்போதும் பொருந்தும் கோட்பாடாகப் படிக்காமல், தனித்தனி அவதானிப்புகளாகப் படியுங்கள்.

சரி, ஒரு வரி குத்துகிறதா? அந்த ஒரு காரியத்தை மட்டும் எடுத்துக்கொண்டு யோசியுங்கள்: வேறு யாராவது பணம் கொடுத்து நண்பன் பிழைத்திருந்தால் எப்படி இருந்திருக்கும்? ‘என்னிடம் கேட்கவில்லையே’ என்று லேசாக வலித்திருந்தால், அந்த வலிக்கு லா ரோஷ்ஃபூக்கோ சொல்வது சரி. கூடவே ‘அப்பாடா, பிழைத்தான்’ என்ற நிம்மதியும் இருந்திருக்கும் என்றால், நீங்கள் பணம் கொடுத்தது அவனுக்காகத்தான்.