எறியுங்கள், தாராளமாக!

கேள்வி: என் மகனுக்கு 13 வயது. கைக்கு வரும் டாலரையெல்லாம் பேஸ்பால் கார்டு பாக்கெட்டில் கொட்டுகிறான். கட்டிலுக்கு அடியில் ஒன்பது ஷூ பெட்டி. ஒரு மேட்சை முழுசாக உட்கார்ந்து பார்த்தவன் இல்லை. ஆனால் எந்த ஆட்டக்காரர் எந்த வருஷத்துக் கார்டில் வருகிறார் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வான். அடுத்த மாதம் கோடை முகாமுக்குப் போகிறான். அந்த நேரம் பார்த்து இந்தக் குப்பையை வெளியே போட்டுவிடலாமா? இதனால் அவனுக்குப் பிற்காலத்தில் ஏதாவது பிரயோசனம் உண்டா?
- ஒரு வாசகி, எடிசன், நியூ ஜெர்சி

பதில்: எறியுங்கள் அம்மா, தாராளமாக எறியுங்கள். உங்கள் மகனுக்குப் பிரயோசனம் உண்டோ இல்லையோ, அதே கார்டுகளை வைத்துக்கொண்டு பக்கத்துத் தெருவில் ஒரு பையன் இருப்பானே, அவனுக்கு நிச்சயம் உண்டு.

'குப்பை' என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அந்த வார்த்தையில்தான் முழு வியாபாரமும் இருக்கிறது. பேஸ்பால் கார்டுக்கு ஒரு சந்தையை உண்டாக்கியது யார் என்று கேட்டால் டாப்ஸ் கம்பெனி என்பார்கள். நான் அம்மாக்கள் என்பேன். 50களில் வாங்கிச் சேர்த்த பையன் கல்லூரிக்கோ ராணுவத்துக்கோ போனான். அம்மா அறையைப் பெருக்கினாள். ஷூ பெட்டி தெருவுக்குப் போனது. அம்மா கைக்குத் தப்பியதைப் பையன்களே தீர்த்தார்கள்: துணி கிளிப்பால் சைக்கிள் சக்கரத்தில் மாட்டி, கம்பிகளில் உரசி டர்ர்ர் என்று மோட்டார் சைக்கிள் சத்தம் வர வைத்தார்கள். இந்த இரண்டுக்கும் மிஞ்சியதுதான் இன்றைக்கு லட்சம், கோடி.

பேஸ்பால் நட்சத்திரம் மிக்கி மேன்ட்டிலின் கார்டுக் கதை உங்கள் ஊர்க் கடலில்தான் முடிகிறது, கேளுங்கள். 1952-ல் புரூக்ளின் சூயிங்கம் கம்பெனியான டாப்ஸ் 407 கார்டுகள் கொண்ட ஒரு வரிசை போட்டது. முன்பக்கம் ஆட்டக்காரர் படம், பின்பக்கம் அவருடைய கணக்குவழக்கு. வடிவமைத்தவர்களில் ஒருவர் சை பெர்ஜர் என்ற ஊழியர். வேலை நடந்தது அவர் வீட்டு அடுக்களை மேஜையில். 311-ஆம் எண் மேன்ட்டில். மேன்ட்டில் கார்டு இருந்த கடைசித் தொகுதி கடைக்கு வந்தபோது பேஸ்பால் பருவமே முடியப்போகிறது. பையன்களுக்கு ஆர்வம் போய்விட்டது. சரக்கு தேங்கி, கிடங்கில் எட்டு வருஷம் கிடந்தது. திருவிழாக் கடைக்காரர்களிடம் ஒரு சென்ட்டுக்குப் பத்து கார்டு என்று கொடுத்துப் பார்த்தாராம் பெர்ஜர். 1960-ல், கிடங்கில் இடம் வேண்டுமே என்று லாரியில் ஏற்றி, குப்பைப் படகில் மாற்றி, நியூ ஜெர்சிக் கரையைத் தாண்டி அட்லான்டிக்கில் கவிழ்த்துவிட்டார்கள். பெர்ஜரே பிற்காலத்தில் சொன்னது இது. 2022 ஆகஸ்டில் அதே 311-ஆம் கார்டில் ஒன்று ஏலத்தில் 1 கோடியே 26 லட்சம் டாலருக்குப் போனது. அன்றைய கணக்கில் நம் காசுக்குச் சுமார் 100 கோடி. இத்தனைக்கும் அது மேன்ட்டிலின் முதல் கார்டுகூட அல்ல. அதற்கு முந்தின வருஷமே வேறொரு கம்பெனி போட்டுவிட்டது.

(உடனே ஏட்டுச்சுவடி, ஆடிப்பெருக்கு, உ.வே.சா. என்று கடிதம் எழுத உட்காராதீர்கள். எனக்கும் ஞாபகம் வந்தது. அடக்கிக்கொண்டேன்.)

இந்த விலைகளைப் படித்துப் படித்து 80களில் அமெரிக்காவே விழித்துக்கொண்டது. இனி எதையும் எறிவதில்லை என்று முடிவு செய்தது. அப்பாக்கள் பெட்டி பெட்டியாக வாங்கி, பிரிக்காமலே பரணில் வைத்தார்கள். பிள்ளையின் காலேஜ் பீஸுக்கு ஆகும் என்று நம்பினார்கள். கம்பெனிகள் விடுமா? ராத்திரி பகலாக அச்சடித்துத் தள்ளின. எல்லாரிடமும் எல்லாமும் இருந்தது, யாரும் எறியவில்லை, ஆகவே யாருக்கும் தேவைப்படவில்லை. சேகரிப்பவர்கள் அந்தக் காலத்துக்கு வைத்திருக்கும் பெயர் 'ஜங்க் வாக்ஸ்': மெழுகுத்தாளில் சுற்றிய குப்பை. உங்கள் வார்த்தைதான், அம்மா. அந்தத் தலைமுறையில் உங்களைப் போல நாலு பேர் இல்லாமல் போனது அவர்கள் துரதிர்ஷ்டம்.

'பிரயோசனம்' என்றும் ஒரு வார்த்தை போட்டிருக்கிறீர்கள். அதற்குத் தனியாகப் பதில் சொல்லப்போவதில்லை. பாக்கெட்டின் ஓரத்தைக் கிழிக்கும்போது உங்கள் மகனுடைய முகத்தை ஒருமுறை பாருங்கள். முதல் கார்டு ஏற்கெனவே நாலு பிரதி வைத்திருக்கும் யாரோ ஒரு பெஞ்ச் ஆட்டக்காரர். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதைப் பார்ப்பதற்கு முன் ஒரு விநாடி நிறுத்துவான். அந்த ஒரு விநாடிக்குத்தான் அவன் காசு கொடுக்கிறான். ஒரு காலத்தில் இதோடு இளஞ்சிவப்பில் ஒரு பபிள்கம் பட்டையும் இருக்கும். பட்டை ஒட்டியிருந்த கார்டில் கறை படியும். அந்தக் கார்டாகப் பார்த்து நல்ல ஆட்டக்காரராக இருப்பார். கறை, கறை என்று சேகரிப்பவர்கள் புலம்பி, 90களின் தொடக்கத்தில் கம்பெனி பபிள்கம்மையே எடுத்துவிட்டது. சூயிங்கம் விற்பதற்காகக் கார்டு வைத்தவர்கள், கார்டுக்குக் கெடுதல் என்று சூயிங்கம்மை நிறுத்திய கதையை எந்த எம்.பி.ஏ. வகுப்பிலாவது சொல்லித்தருகிறார்களா?

எனக்கு இதில் பிடிக்காதது ஒன்றே ஒன்று. மார்க் போடுவது. இந்தப் பக்கத்தில் மார்க்கைப் பற்றி நான் திட்டி மூன்று மாதம்கூட ஆகவில்லை, பரவாயில்லை. பி.எஸ்.ஏ. மாதிரியான கம்பெனிகளுக்குக் கார்டை அனுப்பினால், மூலை மழுங்கியிருக்கிறதா, படம் நடுவில் விழுந்திருக்கிறதா என்று உருப்பெருக்கியில் பார்த்து 1 முதல் 10 வரை மார்க் போட்டு, கெட்டியான பிளாஸ்டிக்கில் வைத்து மூடி அனுப்புவார்கள். அதற்கப்புறம் அந்தக் கார்டை மனிதன் தொட முடியாது. 2021-ல் வந்து குவிந்ததைச் சமாளிக்க முடியாமல் அந்தக் கம்பெனி பெரும்பாலான வரவுகளையே கொஞ்ச காலம் நிறுத்தி வைத்தது. அதே வருஷம் விஸ்கான்சின் மாநிலத்தில் ஒரு டார்கெட் கடை வாசலில் கார்டுக்காக அடிதடி நடந்து, அந்தக் கடைக்காரர்கள் எல்லாக் கிளைகளிலும் விற்பனையை நிறுத்த வேண்டியதாயிற்று. அடித்துக்கொண்டவர்கள் 13 வயதுப் பையன்கள் அல்ல, பெரிய ஆட்கள்.

மார்க்கின் யோக்கியதைக்கு ஹோனஸ் வாக்னர் கார்டைச் சொல்லலாம். 1909 முதல் 1911 வரை சிகரெட் பாக்கெட்டில் வந்த வரிசை அது. வாக்னர் தன் படத்தைப் போடக் கூடாது என்று சொல்லிவிட்டதால் சீக்கிரமே நிறுத்திவிட்டார்கள். இன்று மிஞ்சியிருப்பது சுமார் 60. பிள்ளைகள் கைக்குச் சிகரெட் போகக் கூடாது என்று மறுத்தார் என்பது ஒரு கட்சி; காசு கொடுக்கவில்லை என்பதால் மறுத்தார் என்பது இன்னொரு கட்சி. மனிதர் தாமே புகையிலை மெல்லுகிறவர். நான் இரண்டாவது கட்சி. அந்தக் கார்டுகளிலேயே அழகானது, 8 மார்க் வாங்கி 2007-ல் 28 லட்சம் டாலருக்குப் போனது. அதை முன்பு கைமாற்றிவிட்ட ஏலக்காரர் 2013-ல் வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டபோது சொன்னார்: ஓரத்தைக் கூர்மையாக்க வெட்டியது நான்தான். 8 மார்க் வந்ததே வெட்டியதால்! நம் பைண்டிங் ஆசாமியும் மாதம் தவறாமல் ஓரத்தை வெட்டுகிறார். போன இதழில் பக்க எண்களும் சேர்ந்து போய்விட்டன. அவருக்கு யாரும் 8 மார்க் கொடுக்கவில்லை.

இந்த உலகத்தில் என் மனத்துக்கு மிக நெருக்கமானது எது தெரியுமா? பிழைக் கார்டு. 1957-ல் ஹாங்க் ஆரனின் படத்தைத் திருப்பி அச்சடித்துவிட்டார்கள். வலக்கை ஆட்டக்காரர் இடக்கையில் மட்டை பிடித்து நிற்கிறார். 1959-ல் லூ பர்டெட் குறும்புக்காகக் கையுறையை மாற்றிப் போட்டுக்கொண்டு நின்றார். டாப்ஸ் ஏமாந்தது, போதாததற்கு அவர் பெயரிலும் எழுத்துப்பிழை விட்டது. 1969-ல் ஆரேலியோ ரோட்ரிகெஸ் என்று போட்டிருக்கும் கார்டில் இருப்பவர் ஆரேலியோ அல்ல, அணிக்கு மட்டை எடுத்துக் கொடுக்கிற பையன். 1989-ல் ஃபிளீர் கம்பெனியின் பில்லி ரிப்கென் கார்டில் மட்டையின் அடிமுனையில் பச்சையான கெட்ட வார்த்தை. கம்பெனி அதைக் கறுப்பில் மறைத்து, வெள்ளையில் மறைத்து, கிறுக்கி மறைத்து, ஒவ்வொரு மறைப்புக்கும் தனி விலை கிடைக்கும்படி செய்தது. குப்பைக் காலத்துக் கார்டுகளில் மக்கள் தேடிப் பிடித்து வாங்கியவற்றில் அதுவும் ஒன்று.

இதை நான் பாளையங்கோட்டைப் புலவர் ஐயாவுக்கு எழுதினேன். பழைய வாசகர்களுக்கு அவரைத் தெரியும். இருபது வருஷமாக ஒவ்வொரு இதழுக்கும் அவரிடமிருந்து ஒரு தபால் கார்டு வரும். "பக்கம் 14, வரி 6: ஒற்று மிகும். பக்கம் 31: ஒற்று மிகாது. தங்கள் அறிவும் மிகாது." 'சந்தைப்படுத்துதல்' என்ற சொல்லை ஒருமுறை நான் திருத்தாமல் விட்டுவிட்டதற்கு ஆறு மாதம் பேசாமல் இருந்தவர். (என் வாழ்க்கையின் அமைதியான ஆறு மாதம்.) அமெரிக்காவில் பிழை இருந்தால் விலை கூடும் ஐயா, அந்தக் கணக்கில் நம் பத்திரிகை ஒவ்வொரு பிரதியும் ஒரு பொக்கிஷம் என்று எழுதினேன். பதில் வந்தது: "அப்படியானால் தாங்கள் கோடீஸ்வரர். சந்தாவைக் குறையுங்கள்."

ஜெஃபர்சன் பர்டிக் என்று சிரக்கியூஸில் ஒருவர் இருந்தார். கீல்வாதத்தில் விரல்கள் முடங்கிய மனிதர். கார்டுகளுக்கெல்லாம் எண் வைத்து அட்டவணை போட்டவர் அவர்தான். வாக்னர் கார்டைச் சொல்லும் 'டி206' அவர் வைத்த பெயர். 30,000-க்கு மேல் பேஸ்பால் கார்டுகளை நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்கு இனாமாகக் கொடுத்தார். கொடுத்ததோடு நிற்கவில்லை, வருஷக்கணக்காகப் போய் உட்கார்ந்து ஆல்பத்தில் தாமே ஒட்டினார். ஆமாம், பசை போட்டு! இன்றைய மார்க்காரர்கள் கேட்டால் மூர்ச்சையாகிவிடுவார்கள். 1963 ஜனவரியில் கடைசியையும் ஒட்டி முடித்தார்; மார்ச்சில் போய்ச் சேர்ந்தார். உங்கள் ஊரிலிருந்து அருங்காட்சியகம் ரயில் தூரம்தான். ஒன்பது பெட்டிக்கும் முடிவு கட்டும் முன் பையனை ஒருதரம் அழைத்துப் போய்வாருங்கள்.

இதையெல்லாம் நான் சொல்ல ஒரு சுயநலம் உண்டு. நம் பத்திரிகையின் மூன்றாம் இதழ் எங்கள் அலுவலகத்திலேயே இல்லை. வீட்டில் ஒரு கட்டு வைத்திருந்தேன். ஒரு பொங்கலுக்கு முந்தின நாள் பழைய பேப்பர்காரரிடம் கிலோ கணக்கில் போய்விட்டது. யார் போட்டார்கள் என்று எழுதினால் இன்றிரவு எனக்குச் சோறு கிடைக்காது. விசாரித்துப் பார்த்ததில் ஒரே ஒரு பிரதி புலவர் ஐயாவிடம் இருக்கிறது, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை சிவப்பு மசியில் திருத்தியபடி. என்ன விலை என்றாலும் தருகிறேன் என்று பணிவாகக் கடிதம் எழுதினேன். போன வாரம் என் கடிதமே திரும்பி வந்தது. இரண்டு இடத்தில் சிவப்பு மசி.