அமெரிக்க ஹிஸ்பானிக் மக்களிடம் (ஸ்பானிஷ் பேசும் நாடுகளிலிருந்து வந்தவர்கள், அவர்களின் வழிவந்தவர்கள்) சர்க்கரை நோயும் மனச்சோர்வும் ஏன் சேர்ந்தே வருகின்றன?

பரம்பரையா, உணவா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டுக்கும் பங்கு உண்டு. ஆனால் நான் முதலில் பார்ப்பது மருத்துவக் காப்பீட்டைத்தான். வெள்ளையர்களோடு ஒப்பிட்டால், காப்பீடு இல்லாதவர்களின் விகிதம் இவர்களிடம் இரண்டு மடங்குக்கும் மேல். 2010-ல் வந்த ஒபாமா கால மருத்துவக் காப்பீட்டுச் சட்டப்படி, இவர்களில் ஆவணமில்லாத குடியேறிகளாக இருப்பவர்கள் அரசின் காப்பீட்டுச் சந்தையில் சொந்தக் காசு கொடுத்தும் வாங்க முடியாது. அதனால் சர்க்கரை முற்றிய பிறகுதான் பலர் மருத்துவரிடம் போகிறார்கள்.

சர்க்கரை நோயாளிக்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய இரு மடங்கு. சோர்ந்துபோனவர் மாத்திரையை விடுவார், சாப்பாட்டில் கவனம் குறையும், சர்க்கரை ஏறும், சோர்வு இன்னும் கூடும். இதைப் பேசித் தீர்க்கலாம் என்றால், ஸ்பானிஷ் தெரிந்த மனநல மருத்துவர்கள் மிகக் குறைவு. பல இடங்களில் பிள்ளைதான் மொழிபெயர்க்கிறது. பெற்ற பிள்ளையை நடுவில் வைத்துக்கொண்டு எந்தத் தாய் தன் துயரத்தைச் சொல்வாள்? பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்வது மருத்துவமனையின் கடமை.

அப்புறம் ஒன்று: இவ்வளவுக்கும் இவர்களின் சராசரி ஆயுள் வெள்ளையர்களைவிட அதிகம். குடியேறியவர்களிடம் புகைப்பழக்கம் குறைவு என்பது முக்கியக் காரணம். ஆனால் கொரோனா வந்த 2020-ல் அந்தச் சராசரி ஆயுள் ஏறத்தாழ 4 ஆண்டுகள் சரிந்தது. இறைச்சி ஆலையிலும் வயலிலும் வேலை பார்த்தவர்களால் வீட்டிலிருந்து வேலை செய்ய முடியவில்லை.