அஞ்சு நிமிடக் கடனும் அண்ணன் கணக்கும்

கேள்வி: எனக்கு வயது 34. சென்னை மேடவாக்கத்தில் வாடகை வீட்டில் அம்மாவுடன் இருக்கிறேன். மென்பொருள் நிறுவனம் ஒன்றில் ஒப்பந்த ஊழியர், கைக்கு வருவது 46,000 ரூபாய். மகனுக்குக் கல்யாணம் என்று வீட்டுக்காரர் இரண்டு மாதத்தில் காலி செய்யச் சொல்லிவிட்டார். அக்கா பையனுக்கு ஏடிஹெச்டி (கவனக்குறைவு, மிகைத் துறுதுறுப்பு), ஆட்டிசம் இரண்டும் இருப்பதாகப் போன வருடம் சொன்னார்கள். டாக்டர் அவனைப் பற்றிச் சொன்னதெல்லாம் என்னைப் பற்றிச் சொன்ன மாதிரியே இருந்தது. நானும் பரிசோதித்துக்கொள்ள நினைக்கிறேன். ஒரு தனியார் கிளினிக்கில் 32,000 ரூபாய் பேக்கேஜ், வட்டியில்லா இஎம்ஐ என்கிறார்கள். எனக்கு ஏற்கெனவே மூன்று ஆப் கடனும் ஒரு கிரெடிட் கார்டு பாக்கியும் இருக்கின்றன. அண்ணனுக்கு அவ்வப்போது பணம் கொடுக்க வேண்டியிருக்கிறது, அவர் கேட்டால் மறுக்க வராது. வீட்டு அட்வான்ஸா, பரிசோதனையா, எதை முதலில் பார்ப்பது?

பதில்: இரண்டையும் சேர்த்தே பார்க்கலாம். உங்கள் கையை இறுக்குவது வீடும் இல்லை, பரிசோதனையும் இல்லை. கடிதத்தோடு அனுப்பிய கணக்கை மூன்று முறை படித்தேன். அண்ணனுக்கு இரண்டு வருடத்தில் கொடுத்தது 1,60,000. திரும்பி வந்தது 22,000. பாக்கி 1,38,000. உங்கள் ஆப் கடன் 71,000, கார்டு 58,000, ஆக 1,29,000. இந்த இரண்டு தொகைகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். நீங்கள் கடனாளி ஆகவில்லை அம்மா, அண்ணனுடைய கடனை உங்கள் பெயரில் வாங்கி வைத்திருக்கிறீர்கள்.

அண்ணனுக்குக் கொடுத்ததைத் தப்பென்று சொல்ல மாட்டேன், கொடுத்த விதம்தான் தப்பு. ‘அண்ணன் போன் பண்ணினால் அஞ்சு நிமிஷத்தில் ஆப்பில் எடுத்து அனுப்பிவிடுவேன், அப்புறம்தான் யோசிப்பேன்’ என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஏடிஹெச்டி உள்ளவர்களிடம் மருத்துவர்கள் பார்க்கிற அவசரம் இதுதானா என்பதை மருத்துவர் சொல்லட்டும். ஆனால் அந்த ஆப்களை வடிவமைத்தவர்கள் இந்த அஞ்சு நிமிடத்தை நம்பித்தான் கடையே விரித்திருக்கிறார்கள்.

வட்டியைப் பாருங்கள். கடைசியாக எடுத்தது 20,000. பிராசஸிங் கட்டணம் போகக் கைக்கு வந்தது 18,800. கட்டுவது மாதம் 3,700, ஆறு மாதம், மொத்தம் 22,200. ‘மாதம் 1.83 சதவீதம்தான்’ என்று ஆப் சொல்கிறது. கைக்கு வந்த தொகையை வைத்து, மாதாமாதம் குறையும் அசலின் மேல் கணக்கிட்டால் மாதம் ஏறத்தாழ 5 சதவீதம். மார்க்கெட்டில் இதற்குப் பெயர் அஞ்சு வட்டி. அஞ்சு வட்டிக்காரர் வீட்டு வாசலில் வந்து நின்றால் உங்கள் அம்மா துரத்தியிருப்பார். போனுக்குள் வந்ததால் கண்ணில் படவில்லை. டிஜிட்டல் கடன் கொடுப்பவர்கள் எல்லாக் கட்டணங்களையும் சேர்த்த ஆண்டு வட்டியை ஒரு தாளில் காட்ட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2022-லேயே சொல்லிவிட்டது. அந்தத் தாள் உங்கள் மெயிலில் கிடக்கும், திறந்து பாருங்கள்.

இப்போது மாதக் கணக்கு. வாடகை 14,000, கரண்ட், தண்ணீர் 2,000, அம்மாவின் மருந்துக்கும் கைச்செலவுக்கும் 5,000, சாப்பாடு, பஸ், போன் 11,000. மொத்தம் 32,000. மீதி 14,000-இல் ஆப் இஎம்ஐ 9,800, கார்டுக்குக் குறைந்தபட்சத் தொகை 3,200. மிஞ்சுவது ஆயிரம் ரூபாய். அண்ணன் ஐந்தாயிரம் கேட்டால் அது இன்னொரு கடனிலிருந்துதான் வந்தாக வேண்டும். இதில் பரிசோதனைக்கு என்று நான்காவதாக ஒரு இஎம்ஐ சேர்க்கப் பார்க்கிறீர்கள்.

கையில் இரண்டு பவுன் சங்கிலி இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். நகையை அடகு வைக்கச் சொல்ல எனக்குப் பிடிக்காது, இங்கே சொல்கிறேன். வங்கியில் 96,000 ரூபாய்க்கு வையுங்கள். தெருமுனைக் கடை வேண்டாம். ஆண்டுக்கு 10 சதவீதம் என்று வைத்தால் மாத வட்டி 800 ரூபாய். அதில் 71,000-ஐ வைத்து மூன்று ஆப்பையும் ஒரே நாளில் முடித்து, முடித்ததற்கான கடிதத்தை வாங்கிக்கொண்டு, ஆப்களைப் போனிலிருந்து நீக்குங்கள். முன்கூட்டி அடைக்க ஏதாவது கட்டணம் உண்டா என்று முதலில் கேளுங்கள். மாதம் 9,800 போன இடத்தில் 800 போகும். இரண்டு மாதத்தில் 18,000 சேரும்.

புது வீட்டுக்கு வாடகை 15,000, ஐந்து மாத அட்வான்ஸ் 75,000, புரோக்கருக்கு ஒரு மாத வாடகை, சாமான் ஏற்றி இறக்க 8,000. மொத்தம் 98,000. பழைய அட்வான்ஸ் 70,000-இல் பெயிண்ட் அடிக்க ஒரு மாத வாடகை பிடித்தால் 56,000 வரும். பற்றாக்குறை 42,000. சேர்ந்த 18,000, நகைக் கடனில் மிச்சம் வைத்த 25,000, இரண்டும் சேர்ந்தால் ஒட்டிக்கு இரட்டியாக இல்லாவிட்டாலும் ஒருவழியாகச் சரியாகும்.

தாளில் சரியாகும். நடப்பில் பழைய வீட்டுக்காரர் சாவியை வாங்கிய பிறகுதான் அட்வான்ஸைத் திருப்புவார், புது வீட்டுக்காரர் அதற்கு முன்பே கேட்பார். இந்த ஒரு வார இடைவெளியில்தான் பாதிப் பேர் ஆப் கடனில் விழுகிறார்கள். ‘அட்வான்ஸ் இல்லாத வாடகை’, ‘வாடகை அட்வான்ஸ் லோன்’ என்றெல்லாம் இப்போது புதிதாக விற்கிறார்களே, அவை நிற்பதும் இதே இடைவெளியில்தான். தொடாதீர்கள். காலி செய்யச் சொன்னது அவர், அவசரமும் அவருக்குத்தான். ‘பாதி அட்வான்ஸை இப்போதே கொடுங்க சார், அதை வைத்துத்தான் வேறு வீடு பிடிக்கணும்’ என்று கேளுங்கள். பெயிண்ட் காசைப் பற்றியும் பேசுங்கள். மகன் குடிவரப் போகிற வீட்டுக்கு அவர் எப்படியும் பெயிண்ட் அடிப்பார். அது விட்டுக்கொடுக்கப்பட்டால் 14,000 உங்கள் பக்கம். மிரட்டல் வந்தால் ஒன்றைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, வெளியேற மறுப்பவரை வீட்டுக்காரர் வாடகை நீதிமன்ற உத்தரவு வாங்கித்தான் வெளியேற்ற முடியும். கரண்டையும் தண்ணீரையும் நிறுத்தக்கூடாது. வழக்குப் போடச் சொல்லவில்லை, நாளைக்கே தெருவில் நிற்போம் என்ற பயம் வேண்டாம் என்பதற்காகச் சொன்னேன். அந்தப் பயத்தில் எடுக்கிற கடன்தான் ஆபத்து.

பரிசோதனைக்கு வருகிறேன். நீங்கள் அனுப்பிய பேக்கேஜ் பட்டியலில் ‘மூளை வரைபடம்’ என்று 9,000 ரூபாய் இருக்கிறது. ஏடிஹெச்டியையோ ஆட்டிசத்தையோ உறுதிப்படுத்த ஸ்கேனோ ரத்தப் பரிசோதனையோ கிடையாது. மருத்துவர் உங்களோடு பேசி, சிறு வயதிலிருந்து கேட்டு, சில கேள்வித்தாள்களை வைத்துத்தான் முடிவு செய்கிறார். பட்டியலில் உள்ள ஆறு ‘கோச்சிங்’ அமர்வுகளும் ஒரு வருட ஆப் சந்தாவும் கண்டறிந்த பிறகு யோசிக்க வேண்டியவை. நோய் இருக்கிறதா என்று தெரியும் முன்பே மருந்துக்கடையில் மொத்தமாக வாங்குவார்களா?

கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையில் வெளிநோயாளியாகப் பார்க்கக் கட்டணம் கிடையாது. கீழ்ப்பாக்கம் என்றாலே சிரிக்க நம் சினிமா பழக்கிவிட்டது. 1794-இல் தொடங்கிய இடம், அங்கே உட்கார்ந்திருப்பவர்களும் உங்களைப் போல பஸ்ஸில் வந்தவர்கள்தான். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு உண்டு. ஆட்டிச மதிப்பீட்டுக்கு முட்டுக்காட்டில் மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசு நிறுவனம் இருக்கிறது. பெரியவர்களுக்கு எந்த நாளில் பார்ப்பார்கள் என்று போனில் கேட்டுவிட்டுப் போங்கள். எங்கே தொடங்குவது என்று குழப்பமாக இருந்தால் 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், கட்டணமில்லை. தனியாரிடம்தான் போவேன் என்றால் பேக்கேஜ் வேண்டாம், மனநல மருத்துவரிடம் ஒருமுறை பார்க்கிற கட்டணம் மட்டும் கொடுங்கள். எந்தச் சோதனை தேவை என்று அவர் எழுதித் தரட்டும். வீட்டுக் கவலையில் தூக்கமில்லை என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள், தூக்கம் கெட்டாலும் கவனம் சிதறும்.

ஏடிஹெச்டி என்று சொல்ல, அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே இருந்திருக்க வேண்டும். அதனால் மருத்துவர் அம்மாவைக் கேட்பார், பழைய ரேங்க் கார்டைக் கேட்பார். ‘வகுப்பில் கவனம் போதவில்லை’ என்று டீச்சர் எழுதிய ஒரு வரி, ஒன்பதாயிரம் ரூபாய் மூளை வரைபடத்தைவிட உபயோகம். வீடு மாற்றும்போது முதலில் பழைய பேப்பர்காரரிடம் போவது அந்த டிரங்குப் பெட்டிக் காகிதங்கள்தான். சாமான் கட்டும் முன் அவற்றைத் தனியாக எடுத்து வையுங்கள்.

சான்றிதழ் வாங்கினால் வரி மிச்சமாகும் என்று யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் ஆட்டிசம் இருக்கிறது, ஏடிஹெச்டி இல்லை. 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று சான்று கிடைத்தால் வரிக்குரிய வருமானத்தில் 75,000 கழிவு உண்டு, அதுவும் பழைய வரி முறையில் மட்டும். உங்கள் சம்பளத்துக்குப் புதிய முறையில் வரியே வராது. இல்லாத வரியில் எதை மிச்சப்படுத்துவது? சான்றிதழ் வேறு காரணத்துக்குத் தேவைப்பட்டால் வாங்குங்கள்.

அண்ணனிடம் மறுக்க வராது என்கிறீர்கள். மறுக்க வேண்டாம், ‘நகை பேங்க்ல இருக்குண்ணே’ என்று உண்மையைச் சொல்லுங்கள், ரசீதைக் காட்டுங்கள். சம்பளம் வந்த அன்றே வாடகையையும் சேமிப்பையும் ஜிபே இணைக்காத, டெபிட் கார்டு இல்லாத இன்னொரு கணக்குக்கு மாற்றிவிடுங்கள். எடுக்க வங்கிக்கு நடக்க வேண்டும், அதற்குள் அஞ்சு நிமிடம் தாண்டிவிடும். புது வீட்டில் குடியேறிய பிறகு, ஆப் இஎம்ஐ நின்றதால் மாதம் மிஞ்சும் 9,000-ஐக் கார்டில் போடுங்கள். இப்போது கட்டும் 3,200-இல் இரண்டாயிரம் வட்டிக்கே போகிறது. மாதம் 12,200 கட்டினால் ஐந்தாறு மாதத்தில் தீரும், அதன் பிறகு நகை. பாயிண்ட் கிடைக்கிறது என்று வாடகையைக் கார்டில் கட்டுவதை இந்த மாதமே நிறுத்துங்கள். கட்டணமும் வட்டியும் போக அந்தப் பாயிண்டில் ஒரு குக்கர்கூட வராது.

வாடகை ஒப்பந்தம் எந்தத் தேதியில் முடிகிறது, பெயிண்ட் பற்றி அதில் என்ன எழுதியிருக்கிறது என்று நீங்கள் குறிப்பிடவில்லை. வீட்டுக்காரரிடம் பேசப் போகும் முன் அந்த இரண்டு வரிகளை எனக்கு எழுதுங்கள்.