வைணவ வீட்டில் சிவபக்தி தவறா?

பெருமாளைக் கும்பிடும் வீட்டில் பிறந்தும் மனம் சிவனிடம் போகிறது, இது துரோகமா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பேயாழ்வாரே திருமலையப்பனிடம் தாழ்சடையும் நீள்முடியும், மழுவும் சக்கரமும் ஒன்றாய் இசைந்திருப்பதைப் பாடியிருக்கிறார். சங்கரன்கோவிலில் ஒரே திருமேனியில் வலப்பாதி சிவன், இடப்பாதி திருமால். கோமதியம்மன் தவமிருந்து அந்தக் காட்சியைப் பெற்றதைத்தான் ஆடித்தபசாகக் கொண்டாடுகிறார்கள். சிதம்பரத்தில் நடராசர் கோயிலுக்குள்ளேயே கோவிந்தராசப் பெருமாளும் பள்ளிகொண்டிருக்கிறார். (அதை வைத்து நடந்த சண்டைகள் வேறு கதை.)

ஆனால் நாராயணனைத் தவிர வேறு தெய்வத்தைத் தொழக் கூடாது என்பது உங்கள் பெரியவர்களின் உறுதியான சித்தாந்தமாக இருக்கலாம். அதுவும் பக்திதான். இதையெல்லாம் காட்டி அவர்களிடம் வாதாட வேண்டாம். வீட்டுப் பூசையில் வழக்கம்போல் கலந்துகொள்ளுங்கள், சிவநாமத்தைத் தனியாக இருக்கும்போது சொல்லிக்கொள்ளுங்கள். அவர்களாகக் கேட்டால் அப்புறம் பேசலாம்.