பதினொரு பேருக்கு ஒரே கார்டு: பிரிக்கலாமா?

கேள்வி: ஐயா, எங்களுக்குக் குடியாத்தம் பக்கத்தில் ஒரு கிராமம். மாமனார், மாமியார், எங்கள் குடும்பத்தில் ஐந்து பேர், கொழுந்தனார் குடும்பத்தில் நான்கு பேர், ஆக ஒரே வீட்டில் பதினொரு பேர் இருக்கிறோம். கணவருக்கு ஆம்பூரில் ஷூ கம்பெனி வேலை. கொழுந்தனார் தறி ஓட்டுகிறார். மாமியார் பீடி சுற்றுகிறார். எல்லாம் சேர்த்து மாதம் முப்பதாயிரம் வரும். இருபதாம் தேதிக்கு மேல் கையில் எதுவும் நிற்பதில்லை. ஒரே ரேஷன் கார்டு, அரிசி 20 கிலோதான் தருகிறார்கள். ஓரகத்தி பெயரும் அவள் பிள்ளைகள் பெயரும் கார்டில் இல்லை. தாலுகா ஆபீஸ் வாசலில் ஒருவர், 4,000 ரூபாய் கொடுத்தால் இரண்டு கார்டாகப் பிரித்து, இரண்டையும் பி.எச்.எச். (முன்னுரிமைக் குடும்பம்) ஆக்கி, இரண்டு வீட்டுப் பெண்களுக்கும் அரசு தரும் மகளிர் உரிமைத்தொகை வரவழைத்துத் தருகிறேன் என்கிறார். 1,000 ரூபாயும் ஆதார் ஜெராக்ஸும் கொடுத்துவிட்டோம். மீதியை வாரக் குழுவில் கடனாக எடுக்கலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. குழுக் கடனும் வேண்டாம், அந்த ஆளும் வேண்டாம். கார்டைப் பிரிப்பது மட்டும் வேண்டியதா இல்லையா என்று யோசித்துத்தான் சொல்ல வேண்டும்.

20 கிலோ ஏன் என்பதை முதலில் பார்த்துவிடுவோம். உங்கள் கார்டில் என்.பி.எச்.எச். என்று அச்சாகியிருக்கும், அதாவது முன்னுரிமை இல்லாத குடும்பம். இந்த வகைக் கார்டுக்கு மாதம் அதிகபட்சம் 20 கிலோ அரிசி. வீட்டில் நான்கு பேர் இருந்தாலும் 20, பதினொரு பேர் இருந்தாலும் 20. பி.எச்.எச். என்றால் தலைக்கு 5 கிலோ. பதினொரு பேர் பெயரும் கார்டில் இருந்திருந்தால் உங்கள் வீட்டுக்கு 55 கிலோ வந்திருக்கும். பருப்பு ஒரு கிலோ 30 ரூபாய், பாமாயில் ஒரு லிட்டர் 25 ரூபாய் என்பது இந்த இரண்டு வகைக் கார்டுக்கும் ஒன்றுதான், ஆள் கணக்கு கிடையாது. சர்க்கரை மட்டும் தலைக்கு அரை கிலோ, ஆனால் 2 கிலோவைத் தாண்டாது. கூட்டுக் குடும்பத்தைப் பற்றி ஒரு நிமிடம்கூட நினைத்துப் பார்க்காதவர்கள் போட்ட கணக்கு இது. சேர்ந்திருப்பவனுக்கு ஒரு மூட்டை, பிரிந்து போனவனுக்கு இரண்டு மூட்டை என்று வைத்துவிட்டு, அப்புறம் எல்லாரும் பொய் சொல்லிக் கார்டு பிரிக்கிறார்கள் என்று அதிகாரிகளே அலுத்துக்கொள்கிறார்கள். சரி, அதை விடுங்கள்.

ஓரகத்தி பெயரையும் பிள்ளைகள் பெயரையும் இப்போதுள்ள கார்டிலேயே சேர்த்தால் அரிசி ஒரு பிடிகூட அதிகமாகாது. ஆனாலும் அவர்கள் பெயர் ஏதாவது ஒரு கார்டில் ஏறியே ஆக வேண்டும். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை என்கிறார்களே, அது கார்டில் பெயர் உள்ளவர்களுக்குத்தான், அதிலும் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் இருந்தால்தான். பதினொரு பேர் உள்ள வீட்டில் பட்ஜெட்டைக் கவிழ்ப்பது அரிசி அல்ல, ஒரு பிள்ளைக்கு ஆபரேஷன் என்று வந்தால்தான் தெரியும். கொழுந்தனாரின் தறி வருமானம் மட்டும் கணக்கில் வந்தால் அந்த வரம்புக்குள் அடங்கக்கூடும். முப்பதாயிரமும் ஒரே குடும்பக் கணக்கில் நின்றால் அடங்காது.

பிரித்தால் என்ன கிடைக்கும்? இரண்டும் என்.பி.எச்.எச். ஆகவே இருந்தாலும் 20 கிலோ கூடுதலாக வரும். வெளியில் கிலோ 50 ரூபாய் என்று வைத்தாலும் 1,000 ரூபாய். இன்னொரு கிலோ பருப்பு, இன்னொரு லிட்டர் எண்ணெய், சர்க்கரை எல்லாம் சேர்த்து இன்னும் சில நூறு மிச்சம். லாபம்தான், மறுக்கவில்லை. ஆனால் பி.எச்.எச். ஆக்கித் தருகிறேன் என்று அந்த ஆள் சொல்வது சுத்தப் புளுகு. ஆண்டு வருமானம் ஒரு லட்சத்துக்கு மேல், சொந்த உபயோகத்துக்கு நாலு சக்கர வண்டி, ஏ.சி., மூன்று அறையுள்ள கான்கிரீட் வீடு என்று நீளும் பட்டியலில் ஒன்று இருந்தாலும் பி.எச்.எச். கிடையாது. தாலுகா ஆபீஸ் வாசலில் நிற்பவருக்கு அந்தப் பட்டியலை மாற்றும் அதிகாரத்தை யாரும் கொடுக்கவில்லை. உரிமைத்தொகையும் அப்படித்தான். 2023 செப்டம்பரில் தொடங்கியபோதே ஒரு கார்டுக்கு ஒரு பெண், 21 வயது முடிந்திருக்க வேண்டும், வருமானம் இரண்டரை லட்சத்துக்குள், வீட்டில் ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்கு மேல் கரண்ட் ஓடக் கூடாது என்று நிபந்தனை வைத்தார்கள். அதற்குத் தனி விண்ணப்பம், தனிப் பரிசீலனை. புதுக் கார்டு கைக்கு வந்தவுடன் பணம் தானாக வங்கியில் விழாது.

இப்போது அடுப்புக்கு வருவோம். எனக்கு வரும் கடிதங்களில் பாதி இதைப் பற்றித்தான். தனிக் கார்டு வேண்டுமென்றால் தனியாகச் சமைத்துச் சாப்பிட வேண்டும், அதுதான் அடிப்படை. தனி வீடு வேண்டும் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படியில்லை. ஒரே வீட்டில், ஒரே கதவு எண்ணில், மாடியிலோ பின்கட்டிலோ தனிச் சமையல் நடந்தால் கேட்கலாம். கேட்டால் விசாரணைக்கு ஆள் வருவார். வருபவர் அடுப்பை மட்டும் பார்த்துவிட்டுப் போவதில்லை. அரிசி டப்பாவைத் திறந்து பார்ப்பார், பருப்பும் புளியும் எங்கே இருக்கின்றன என்று கேட்பார், காஸ் புத்தகம் யார் பெயரில் என்று பார்ப்பார், சமயத்தில் சின்னப் பிள்ளையைக் கூப்பிட்டு "நேத்து ராத்திரி எங்கே சாப்பிட்டே?" என்று கேட்டுவிடுவார். பிள்ளை "பாட்டிகிட்ட" என்று சொன்னால் முடிந்தது கதை. ஓரகத்தி மாடியில் ஓர் அடுப்பை வைத்துக் காலையில் டீயும் பிள்ளைகளுக்கு உப்புமாவும் கிண்டிக் கொடுத்துவிட்டு, மதியமும் ராத்திரியும் கீழே உங்களோடு உட்கார்ந்தால் அது தனிச் சமையல் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் எல்லாரும் சேர்ந்து கறி சமைத்துச் சாப்பிட்டால் அது கூட்டுச் சமையலும் இல்லை. அதற்காக யாரும் மறுக்க முடியாது. மாமியாருக்கு மேலேயிருந்து ஒரு கிண்ணம் குழம்பு இறங்கினாலும் பரவாயில்லை. அவர்கள் வீட்டுக்கு மாதச் சாமானைக் கொழுந்தனார் தன் காசில் தனியாக வாங்குகிறாரா என்பதுதான் கேள்வி. ஓரகத்தி பெயரில் காஸ் இணைப்பு இருந்தால் பேச்சு சுருக்கமாக முடியும். இல்லாவிட்டால் அதை முதலில் எடுங்கள், கார்டு அப்புறம்.

ஒன்று மட்டும் கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டாவது அடுப்பு எரிந்தால் இரண்டாவது சிலிண்டர் தீரும். கீழே உள்ள சிலிண்டர் சில நாள் கூடுதலாக வரும் என்றாலும், இரண்டும் சேர்ந்தால் செலவு ஏறத்தான் செய்யும். மேலே மாதம் ஒரு சிலிண்டர் ஓடிவிட்டால், இலவச அரிசியில் மிச்சமான 1,000 ரூபாயில் பெரும்பகுதி அதிலேயே போய்விடும். எண்ணெய்க்கும் பருப்புக்கும் காப்பீட்டுக்கும் சேர்த்துப் பார்த்தால் பிரிப்பது லாபம். வெறும் அரிசிக்காக என்றால் சந்தேகம்தான். எப்படியும் தனியாகப் போக வேண்டும் என்று ஓரகத்தி மனதுக்குள் நினைத்துக்கொண்டிருந்தால் இது நல்ல சமயம். அதை நீங்கள் நாலு பேரும் உட்கார்ந்து பேசிக்கொள்ளுங்கள், அதில் நான் வர மாட்டேன்.

இனி அந்த இடைத்தரகர். இவர்கள் செய்கிற வேலையில் பெரிய ஆபத்து காசு பிடுங்குவது அல்ல. விண்ணப்பத்தில் தங்கள் செல்போன் எண்ணைப் போட்டுவிடுவார்கள். அதோடு உங்கள் குடும்பத்தின் சாவி அவர் சட்டைப்பையில். ஓ.டி.பி. அவருக்குத்தான் போகும். நாளைக்கு ஒரு பெயர் சேர்க்கவோ முகவரி மாற்றவோ அவரிடமே போய் நிற்க வேண்டும், ஒவ்வொரு முறையும் ஐந்நூறு, ஆயிரம். கடையில் பில் போட்டால் வருகிற குறுஞ்செய்தியும் அவருக்கே. நீங்கள் வாங்காத பாமாயில் வாங்கியதாகப் பில் விழுந்தாலும் உங்களுக்குத் தெரியாது. பேரணாம்பட்டு, வாணியம்பாடி, ஆற்காடு என்று எந்தப் பக்கத்து மனுவைப் புரட்டினாலும் ஒரே எண் பல குடும்பங்களில் திரும்பத் திரும்ப வரும். அந்த எண்களைப் பார்த்து யாரும் கேள்வி கேட்பதில்லை என்பதுதான் எனக்கு எரிச்சல். கம்ப்யூட்டருக்கு வந்தால் தரகர் ஒழிவார் என்றார்கள். தரகர்தான் கம்ப்யூட்டர் வாங்கிக்கொண்டார்.

விண்ணப்பம் டி.என்.பி.டி.எஸ். எனும் தமிழ்நாடு பொது விநியோகத் திட்ட இணையதளத்தில். வீட்டில் பத்தாவது படிக்கும் பிள்ளை இருந்தால் அதுவே போதும், இல்லாவிட்டால் இ-சேவை மையம். அங்கே வாங்கும் கட்டணம் சுவரில் எழுதியிருக்கும், அதற்கு மேல் கொடுக்காதீர்கள், ரசீது வாங்குங்கள். கொழுந்தனார் பெயரை இப்போதுள்ள கார்டிலிருந்து நீக்க வேண்டும். ஓரகத்தி பெயர் அவளுடைய தாய்வீட்டுக் கார்டில் இன்னும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உங்கள் பக்கத்தில் பலமநேர், சித்தூரிலிருந்து பெண் எடுப்பது வழக்கமாயிற்றே. அப்படியானால் ஆந்திரக் கார்டில் முதலில் பெயர் நீங்கியாக வேண்டும். பிள்ளைகளுக்குப் பிறப்புச் சான்றும் ஆதாரும். பெயரின் எழுத்து இரண்டிலும் ஒன்றாக இருக்கட்டும், இனிஷியல் உட்பட. பாதி விண்ணப்பங்கள் இனிஷியலில்தான் செத்துப்போகின்றன.

நிராகரித்தால் சோர்ந்துவிடாதீர்கள். காரணம் என்ன என்று எழுத்தில் கேளுங்கள். மாதந்தோறும் இரண்டாவது சனிக்கிழமை தாலுகாவில் பொது விநியோகத் திட்டக் குறைதீர் முகாம் நடக்கும். எங்கே என்று தாலுகா ஆபீஸில் வட்ட வழங்கல் அலுவலர் பிரிவில் விசாரித்துக்கொள்ளுங்கள். முகாமுக்கு ஓரகத்தியே போவது நல்லது. 1967 என்ற எண்ணிலும் புகார் சொல்லலாம். அங்கே பேசுபவர் பொறுமையாகக் கேட்பார், கேட்டபின் அந்தப் புகார் நீங்கள் புகார் சொன்ன அதே ஆபீஸுக்கே திரும்பி வரும். இருந்தாலும் பதிவு எண் ஒன்று கையில் இருக்குமே.

நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன். மாமியார் பீடி சுற்றுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். வருஷக்கணக்கில் பீடி இலை உருட்டிய பெருவிரலில் ரேகை மங்கிப்போயிருக்கும். தோல் ஷாப்பில் ஈர வேலை பார்ப்பவர்களுக்கும் இதே கதி. ரேஷன் கடையில் மெஷினில் வைப்பார்கள், விழாது. சேலைத் தலைப்பில் துடைத்து மறுபடி வைப்பார்கள், விழாது. பின்னால் நிற்பவர்கள் முணுமுணுக்க, நாளைக்கு வாங்க என்று கடைக்காரர் அனுப்பிவிடுவார். அதனால் கார்டில் ரேகை நன்றாக விழும் இரண்டு பேராவது இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். பிரித்த பிறகு கீழ்க் கார்டில் நீங்களும் உங்கள் கணவரும் இருப்பீர்கள், போதும். கண்விழி பார்க்கும் கருவி உள்ள கடையென்றால் அதைக் கேட்டு வாங்குங்கள். அலமாரியில் பூட்டி வைத்திருப்பார்கள்.

இருபதாம் தேதிக் கதைக்கு என்னிடம் மந்திரம் இல்லை. பதினொரு பேருக்கு மாதம் எண்பது கிலோ அரிசியாவது ஆகும். 20 கிலோ ரேஷன் போக அறுபது கிலோ. அதை அஞ்சும் பத்துமாகத் தெருமுனைக் கடையில் வாங்கினால் கிலோவுக்கு நாலைந்து ரூபாய் கூடுதலாகப் போகும். சம்பளம் வந்தவுடன் மண்டியில் இரண்டு மூட்டை எடுத்துவிடுங்கள். மூட்டை 26 கிலோ என்று விற்பார்கள். 2022-ல் 25 கிலோ வரை உள்ள பைக்கு ஜி.எஸ்.டி. போட்டதும் மில்காரர்கள் கண்டுபிடித்த வழி அது. ரேஷன் புழுங்கலை இட்லி தோசைக்கு ஒதுக்கினால் வாங்கும் இட்லி அரிசி நின்றுவிடும். அதில் செறிவூட்டப்பட்ட, அதாவது சத்து சேர்த்த அரிசி கலந்து வந்தால் பிளாஸ்டிக் என்று பொறுக்கி எறியாதீர்கள். வாசலில் சைக்கிளில் வந்து கிலோ ஏழு ரூபாய் எட்டு ரூபாய் என்று ரேஷன் அரிசி வாங்குபவனிடம் விற்காதீர்கள். காட்பாடி ரயிலில் மூட்டை பிடிபட்டது என்று பேப்பரில் வருவது இப்படிச் சேர்ந்ததுதான்.

குழுக் கடன் வேண்டாம் என்றதற்குக் காரணம் இதே இருபதாம் தேதிதான். சம்பளம் மாதம் ஒரு தடவை வருகிறது, குழுக்காரர் வாரம் ஒரு தடவை வருகிறார். மூன்றாம் வாரம், நான்காம் வாரத் தவணைக்குக் கையில் காசு இருக்காது. அதைக் கட்ட இன்னொரு குழு. இப்போதே வேறு குழுவில் தவணை ஓடிக்கொண்டிருந்தால் அந்தத் தொகையைச் சம்பளத்தன்றே நான்கு கவரில் போட்டு மாமியாரிடம் கொடுத்துவிடுங்கள்.

கொடுத்த 1,000 ரூபாயை ஒரு முறை கேட்டுப் பாருங்கள், தந்தால் வாங்கிக்கொள்ளுங்கள், தராவிட்டால் அதன் பின்னால் அலையாதீர்கள். அதைவிட அவசரம், அவர் ஏற்கெனவே எதையாவது விண்ணப்பித்துவிட்டாரா என்பது. வட்ட வழங்கல் பிரிவில் கார்டு எண்ணைக் காட்டி, எந்தச் செல்போன் எண் பதிவாகியிருக்கிறது என்று கேளுங்கள். உங்கள் எண் இல்லையென்றால் அன்றைக்கே மாற்றச் சொல்லி மனு கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொண்டு வாருங்கள்.