காரைக்குடி–அறந்தாங்கி பாதையோரம் பாழடைந்த ஸ்டேஷன் கட்டடம் மீட்டர்கேஜ் (தண்டவாளங்களுக்கிடையே ஒரு மீட்டர் இடைவெளி விட்ட பழைய பாதை) காலத்ததா? எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் காலவரிசை. திருவாரூர்ப் பக்கமிருந்து வந்த மீட்டர்கேஜ் பாதை 1903இல் அறந்தாங்கியை எட்டியது. காரைக்குடியோடு இணைந்தது 1952இல்தான். ஆகவே இவ்விரண்டு ஊருக்கும் இடையே உள்ள கண்டனூர்ப் பக்கத்துக் கட்டடத்தை வெள்ளைக்காரன் காலத்தது என்று சொல்வது தவறு. மீட்டர்கேஜை அகலப்பாதையாக (தண்டவாள இடைவெளி அதிகமுள்ள பாதையாக) மாற்றும் வேலைக்காக 2012இல் ரயில் நின்றது. காரைக்குடி–பட்டுக்கோட்டை 73 கி.மீ. 2018இல் திறந்தது.

இனி டேப்பை எடுங்கள். வேலிக்காலாகவோ திண்ணைப் பலகையாகவோ கிடக்கும் மரக்கட்டை சுமார் 1.8 மீட்டர் நீளமென்றால் மீட்டர்கேஜ் ஸ்லீப்பர் (தண்டவாளத்துக்கு அடியில் குறுக்கே போடும் கட்டை), 2.75 என்றால் அகலப்பாதை. முனை அறுபட்டிருந்தால் நீளம் ஏமாற்றும், அகலத்தைப் பாருங்கள்: 20 செ.மீ. என்றால் மீட்டர்கேஜ், 25 என்றால் அகலப்பாதை. இருப்புப்பாதை மேல் ஏறி அளக்காதீர்கள், அது குற்றம்.

ஸ்டேஷன்களை ஏன் மூடுகிறார்கள்? ஒற்றைப் பாதையில் எதிரெதிர் ரயில்கள் ஒதுங்க லூப் லைன், அதாவது ஸ்டேஷனில் பிரிந்து மறுபடி சேரும் பக்கப் பாதை, வேண்டும். முன்பெல்லாம் ஸ்டேஷன் மாஸ்டர் அறையின் டோக்கன் கருவியிலிருந்து எடுத்த உலோகப் பந்தை, அடுத்த ஸ்டேஷன்வரை போக அனுமதியாக, வளையம் கோத்த பையில் வைத்து டிரைவரிடம் நீட்டுவார்கள். அது கைக்கு வராமல் வண்டி நகர்ந்ததில்லை. லூப்பைப் பெயர்த்துவிட்டால் இந்த வேலையே இல்லை. மாஸ்டர் போய்விடுவார், ஸ்டேஷன் வெறும் ஹால்ட் (வண்டி நின்று போகும் சிறு நிறுத்தம்) ஆகும். டிக்கெட் விற்பனையும் குறைந்தால் அந்த ஹால்ட்டும் போகும்.