கடை தூரம் என்பதால் மட்டும் வீடு மாறாதீர்கள்

புது வீட்டுக்குப் பக்கத்தில் பாக்கெட் தின்பண்டக் கடை மட்டும்தான், காய்கறிக் கடை வெகுதூரம், எடை ஆறு கிலோ ஏறிவிட்டது, வீடு மாறலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்காக மட்டும் மாறாதீர்கள். அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஒரு பகுதியில் புதிதாக சூப்பர் மார்க்கெட் திறந்தபிறகு மக்களிடம் என்ன மாற்றம் என்று பார்த்தார்கள், 2014இல் வெளியான அந்த ஆய்வின்படி கடை வந்தது பலருக்கும் தெரிந்திருந்தது, ஆனால் உடல் எடையோ காய்கறி, பழம் சாப்பிடும் அளவோ குறிப்பிடும்படி மாறவில்லை. விலை, சமைக்க நேரம், பழக்கம் எல்லாமும் சேர்ந்துதான் இழுக்கின்றன. களைத்து வரும்போது கை பாக்கெட் தின்பண்டத்துக்குத்தான் போகும், அதில் உங்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. சரி, வாரம் ஒருமுறை போய் சீக்கிரம் கெடாத காய்களாக வாங்கி வையுங்கள். அப்புறம், பழைய வீட்டில் கடைக்கு நடந்தா போவீர்கள்? அந்த நடை நின்றதும் ஒரு காரணமாக இருக்கலாம்.